சூசையப்பருக்கு விட்ட இடம்

ஜெர்லினின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் சிரித்துவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதி, நாளை குவைத்துக்குத் திரும்பும் உங்கள் நண்பர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இந்தக் கிறிஸ்துமஸ் புல்கூட்டுக்குச் சொரூபங்கள் வாங்கவில்லை. அலமாரியில் கிடந்த பழைய வாழ்த்து அட்டைகளிலிருந்து மாதா, பாலன், ராஜாக்கள், மாடு எல்லாரையும் வெட்டியெடுத்து, பின்னால் ஈர்க்குச்சி ஒட்டி மணலில் நிறுத்தினோம். மகளின் பிறந்தநாள் பரிசுகளைச் சுற்றி வந்த மினுக்குத் தாளில் நட்சத்திரம் செய்தோம். கடையில் வாங்குவதைவிட அழகு. பெருமையாகவே சொல்கிறேன்.

பாலனின் அப்பா சூசையப்பர் மட்டும் இல்லை. அவர் ஒரே ஒரு அட்டையில்தான் இருந்தார். அது போன வருடம் நீங்கள் அனுப்பியது. அதில் கத்தரி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பார்க்க வந்த பக்கத்து வீட்டு லில்லி மயினி, "ஏட்டி, சூசையப்பர எங்க காணல்ல?" என்று கேட்டார்.

உங்கள் மகள் யோசிக்கவே இல்லை. "அவரு குவைத்துல இருக்காரு மாமி. லீவு கெடச்சதும் வருவாரு."

மயினி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நானும்தான்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எல்லா வீட்டிலும் புல்கூட்டைப் பிரித்துவிடுவார்கள். நம் வீட்டில் பிரிக்கப்போவதில்லை. மாட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி