எங்கள் வீட்டு மூக்கு

ஐப்பசி 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வெட்கத்தை விட்டு எழுதி வைக்கிறேன்: பிள்ளை பிடிக்கிற பெண் நல்லூரில் சுற்றுகிறாள் என்ற வாட்ஸப் செய்தியை, பொய் என்று தெரிந்தே, உப்புக்காரம் பார்த்து நாலு குரூப்புக்கு அனுப்பினேன். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் பேச ஒன்றும் இல்லாத வாரம்.

மதியத்துக்குள் எனக்கே திரும்பி வந்தது. பக்கத்து டேபிள் சரசு போனை நீட்டினாள். "ஏனுங்க்கா, பாத்தீங்களா? சின்னக் கண்ணாம், சப்பை மூக்காம்." என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த பனியனை எடுத்து மடித்தேன்.

மூக்கு அம்மாவுடையது. அப்பா ரங்கூனிலிருந்து கூட்டி வந்த பர்மாக்காரி. அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து. அப்படியே என் மகள் மலருக்கு. பதினாறு வயது.

ஐப்பசி 5, செவ்வாய்

மேகமூட்டம். இட்லி மாவு புளிக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைக் கட்டி வைத்து அடித்தார்களாம். நிஜமா, என்னைப்போல் எவளாவது கிளப்பியதா?

குரூப்பில் "பொய்ங்க, நம்பாதீங்க" என்று போட்டேன். அடுத்த தெருக்காரி பதில்: "அவ ஆளுங்களச் சொன்னா அவளுக்கு ரோசம் வரத்தான செய்யும்." பிறந்ததிலிருந்து இதே ஊர் நான்.

மலரிடம் டியூசன் வேண்டாம் என்றேன். மழை என்று காரணம்.

"வடக்க இருந்து வேலைக்கு வந்தவன்னு நெனச்சு பஸ்ல எல்லாரும் எங்கிட்ட இந்தியிலயே பேசறாங்கம்மா. நான் பாக்க எந்த ஊரு மாதிரி இருக்கறேன்?"

நல்லூர் என்றேன்.

"கண்ணாடி அப்படிச் சொல்லலையே."

ஐப்பசி 7, வியாழன்

வெயில். டியூசனில் பரீட்சை என்பதால் இன்று மலரைத் தடுக்க முடியவில்லை. இருட்டியும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

பேக்கரி வாசலில் கூட்டம். நடுவில் மலர். இடுப்பில் அழுகிற குழந்தை. எதிர்வீட்டுக்காரி மருந்துக்கடைக்குள் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஒருவன் இவள் பையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் அதட்டுகிறான்.

"தமிழ்லயே கேளுங்கண்ணா. எதுத்த ஊட்டுப் பாப்பாங்க இது. அவங்கம்மா கடைக்குள்ள இருக்கறாங்க." குரல் உடைந்தும் ஒரு 'ங்க' விடவில்லை.

நான் கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றேன். நாலு குரூப்புக்கு அனுப்பியவள்.

எதிர்வீட்டுக்காரி வந்து குழந்தையை வாங்கினாள். கூட்டம் கலைந்தது. பையை விட்டவன் மலரிடமே போனைக் காட்டினான். "பத்தரமாப் போ கண்ணு. அந்தப் பொம்பள இங்கதான் சுத்தறாளாம்."

வீட்டில் மலர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள். "சின்னக் கண்ணு, சப்பை மூக்குன்னு எவம்மா எழுதினான்?"

தெரியாது என்றேன்.

எனக்கு வந்த செய்தியில் 'ஒரு பெண்' என்று மட்டும்தான் இருந்தது. கண்ணும் மூக்கும் நான் சேர்த்தவை.