ஐந்து மாதம் ஓடிய சிலிண்டர்

என்னங்க,

எழுப்ப மனசு வரவில்லை. காலைப் பூசைக்குப் போய்விட்டு, அப்படியே மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன். ஒன்பது மணிக்கு மேல் சிலிண்டர் வரும். ரூபாய் சீனி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. வாஷரைப் பார்த்து வாங்குங்கள். பக்கத்து வீட்டு அடுப்பில் அவித்த இட்லி ஹாட்பாக்ஸில்.

நேற்று உங்கள் அண்ணன் வீட்டிலிருந்து வந்ததும் ஏன் பேசாமல் படுத்தேன் என்று கேட்டீர்கள். "எங்க வீட்ல ஒரு சிலிண்டர் அஞ்சு மாசம் ஓடுது. சிக்கனத்த எம் பொண்டாட்டிகிட்ட வந்து படிங்க" என்று எல்லார் முன்னாலும் பெருமையாகச் சொன்னீர்களே, அதனால்தான்.

அது சிக்கனம் இல்லை. நீங்கள் கப்பலில் இருக்கும்போது ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைக்கவே தோன்றாது. ஞாயிற்றுக்கிழமை வைக்கிற குழம்பு புதன் வரைக்கும் வரும். பிறகு பழைய சோறும் ஊறுகாயும். கரண்டு பில்லும் அப்படித்தான் குறைந்தது. ஒரு அறையில் மட்டும்தான் லைட் எரியும்.

நீங்கள் வந்தபோது மாட்டிய சிலிண்டர் முப்பத்தொரு நாளில் தீர்ந்துவிட்டது. நேற்றுக் காலையில் அடுப்பு அணைந்ததும் நான் சிரித்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை நீங்கள் கப்பலுக்குக் கிளம்புவதற்கு உங்கள் சட்டைகளைத் தேய்த்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மெட்டில்டா

சிலிண்டர் மாட்டுகிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது என் வழக்கம். அதைப் பார்த்துத்தான் நீங்கள் ஐந்து மாதம் என்று கணக்குச் சொன்னீர்கள். இன்றைக்கு வட்டம் போடாதீர்கள். இது எத்தனை மாதம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியவே வேண்டாம்.