மூன்றாவது பரிந்துரை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அம்மாவும் நலம், அதாவது என்னைக் குறை சொல்லத் தெம்பிருக்கும் அளவுக்கு நலம். இடுப்பு எலும்பு கூடிய பிறகு நடைதான் சாய்ந்துவிட்டது; வாய் நேராகவே இருக்கிறது. ஏன் போன் பண்ணாமல் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடிதத்தில் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் ஆரம்பிக்க முடியும்.

ஒரு காரியம் ஆகவேண்டும். எங்கள் மருத்துவமனை ஆண்டுவிழாவுக்கு ஊழியர்கள் நாடகம் போட வேண்டுமாம். மருந்துப் பிரிவில் எப்போதும் கூட்டம், எனக்கு மூச்சுவிட நேரமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க தம்பி நாடகக் கொட்டகையிலதானே இருக்காரு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். உன் பெருமை எனக்குச் சுமையாக வந்து சேர்வது புதிதல்ல.

அரைமணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ராஜா, மந்திரி, தாடி, வாள் வேண்டாம். இப்போது எழுதுகிறவர்கள், இப்போது வாழ்கிற மனிதர்களைப் பற்றி எழுதியதாக இரண்டு மூன்று நாடகம் சொல். பிரதி படித்துத் தேர்ந்தெடுப்பதுதானே உன் வேலை. எங்களில் ஒருவருக்கும் நடிக்கத் தெரியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவிடம் வாரம் ஒருமுறையாவது பேசு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டதும், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்தேன். நாடகம்தான் என்று தெரிந்ததும் உயிர் வந்தது.

மூன்று குறுநாடகங்கள் அனுப்பியிருக்கிறேன். முதலாவது, தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகத்தில் ஒரே குடைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவது. எழுதியவர் பல் மருத்துவர். அதனாலோ என்னவோ, எந்தப் பாத்திரத்தையும் அதிகம் பேசவிடமாட்டார். உங்களுக்கு மனப்பாடம் செய்ய சுலபம்.

இரண்டாவது, ஒரு குடியிருப்பில் தினமும் கேட்கும் சத்தம் யார் வீட்டுடையது என்று கண்டுபிடிக்கக் கூட்டம் போடுகிறார்கள். சகோதரிகள் இருவர் சேர்ந்து எழுதியது. ஒருத்தி எழுதுவாளாம், மற்றவள் அதை அடித்துத் திருத்துவாளாம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த வேண்டியிருப்பதால், நடிக்கத் தெரியாதது வெளியே தெரியாது.

மூன்றாவதைத்தான் உண்மையில் பரிந்துரைக்கிறேன். பெயர் 'திறந்த கதவு'. புதிதாக எழுத வந்தவர் ஒருவருடையது; பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மருத்துவமனையில் நடக்கிறது, உங்களுக்கு மேடை அமைப்பே தேவைப்படாது. நான்கே பேர். இந்த வருடம் என் மேசைக்கு வந்தவற்றில் இதற்கு மட்டும்தான் எங்கள் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அம்மாவிடம் பேசுகிறேன். இந்த மாதம் ஒத்திகைகள் கழுத்தை நெரிக்கின்றன.

உன் தம்பி


பிப்ரவரி 6

தம்பிக்கு,

நாடகங்கள் வந்தன. மதிய இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையின் பின்பக்கம் உட்கார்ந்து உரக்கப் படித்துப் பார்த்தோம். குடை நாடகத்தில் கணக்குப் பிரிவுக்காரர் தன் வரிகளையும் எதிராளியின் வரிகளையும் சேர்த்தே படித்துவிட்டார். சத்த நாடகத்தில் நாங்கள் போட்ட சத்தத்துக்குத் தலைமைச் செவிலியே மேலேயிருந்து இறங்கி வந்தார். வந்தவர் போகவில்லை, எங்களோடு உட்கார்ந்துகொண்டார். அதுவரை எனக்கு உன் மேல் நன்றிதான்.

மூன்றாவதை நான் முன்கூட்டிப் படித்திருக்கவில்லை. அக்கா பாகத்தை என் கையில் கொடுத்தார்கள். நாலாம் பக்கத்தில் அப்பா சொல்கிறார்: "கதவைச் சாத்திடாதே, அவன் வருவான்." எனக்கு அதற்குமேல் எழுத்து தெரியவில்லை. "உங்க வரிதான் மேடம்" என்று எக்ஸ்ரே எடுக்கும் பெண் இரண்டு முறை சொன்னாள்.

நம் அப்பா அதைச் சொன்னபோது அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போடுவதற்கு முன் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. அதை நான் சொன்னது உன் ஒருவனிடம், போனில். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் அப்போது இடுப்பு உடைந்து வீட்டில் கட்டிலோடு கிடந்தாள், எதற்கு இன்னும் நோகடிப்பது என்று விட்டுவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே. எழுதியது நீதான்.

மீதியையும் படித்தேன். உன் நாடகத்தில் தம்பி வருகிறான். ரயிலைப் பிடித்து, படியேறி ஓடி வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு "இன்னும் ஒரே ஒரு நாள் பார்க்கலாம் அக்கா" என்று கெஞ்சுகிறான். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் குழாயை "எடுத்துடுங்க" என்கிறாள்.

நடந்தது உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். குழாயை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டதும் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். உனக்கு அன்று அரங்கேற்றம். "நீயே முடிவு பண்ணுக்கா, உனக்குத்தான் மருந்து மாத்திரையெல்லாம் தெரியும்" என்றாய். செவிலிகள் சாத்தச் சாத்த நான் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். குழாயை எடுத்த பிறகும் திறந்துதான் இருந்தது.

எல்லாருக்கும் இந்த நாடகம்தான் பிடித்திருக்கிறது. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தம்பி வரவேண்டாம். கதவு திறந்திருக்கட்டும், யாரும் வராமல் திரை விழட்டும். அவ்வளவு மாற்றிக் கொடு. நாங்கள் போடுகிறோம், நானே நடிக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் என்னை எழுத்தாளனாக அல்ல, திருடனாகப் பார்ப்பாய் என்று நினைக்கவில்லை.

அந்த அக்கா நீ இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள். நீ கடிகாரம் கட்டியே நான் பார்த்ததில்லை. நாடகத்துக்கு எதிரெதிரே இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவன் விடமாட்டேன் என்றால் மற்றவர் விடு என்றுதான் சொல்லியாக வேண்டும். தம்பி வராவிட்டால் அது நாடகம் இல்லை, செய்தி. ஒருவர் செத்தார், ஒருவன் வரவில்லை. இதைப் பார்க்க யார் உட்கார்ந்திருப்பார்கள்?

நான் வராதது உனக்கு மட்டும்தான் வலிக்கிறதா? வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை எழுதித்தான் நான் பிழைத்தேன். அதில் உனக்கு என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

மாற்ற முடியாது. சமகாலக் குறுநாடகங்கள் தொகுப்பு ஒன்றுக்காக அச்சுக்குப் போய்விட்டது. என் பெயரிலேயே வருகிறது. போட்டால் இருக்கிறபடி போடுங்கள், இல்லாவிட்டால் குடை நாடகத்தைப் போடுங்கள். நாடகத்தை எழுதியவனாக இதைச் சொல்கிறேன், தம்பியாக அல்ல.

அம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன், நான் எழுதியதை அக்காவின் ஆட்கள் போடப்போகிறார்கள் என்று. எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? அதை நீ கெடுக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

உன் தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

உன் நாடகம் நன்றாக நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால், உன்னை அவர்கள் நடுவில் நிறுத்தி வைத்துப் பேச வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அக்கா பாகத்தைத் தலைமைச் செவிலியிடம் கொடுத்துவிட்டு நான் விளக்குப் போட ஒதுங்கிக்கொண்டேன். கணக்குப் பிரிவுக்காரர்தான் உன் பாகம். பெரிய வயிறும் வழுக்கையுமாக அந்த மனிதர் படியேறி ஓடி வந்தார், ஒருவரும் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு நாள்" என்று அவர் சொன்னபோது கூடம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. செவிலி "எடுத்துடுங்க" என்றதும் முன் வரிசையில் ஒரு அம்மாள், "இவளெல்லாம் ஒரு பொண்ணா" என்றார். அந்த இடத்தில் விளக்கைக் குறைக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். குறைத்தேன்.

அம்மா வந்திருந்தாள். எக்ஸ்ரே பெண்தான் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். மகன் எழுதினது, மகன் எழுதினது என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து நான் அவள் செருப்பைக் கழற்றிவிடக் குனிந்தபோது கேட்டாள்:

"அப்ப அவன் வந்திருந்தானா?"

நாடகம் அம்மா அது, கதை என்றேன்.

"எல்லாம் கதைன்னா கதவு எப்படிக் கதை? உங்கப்பா எங்க படுத்தாலும் கதவைத் திறந்து வைக்கச் சொல்ற மனுஷன். ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் சொன்னார்னு அவனுக்கு எப்படித் தெரியும், வராமலா?" என்றாள். பிறகு, "என்கிட்ட ஏண்டி மறைச்சே? ஏண்டி அவ்வளவு அவசரப்பட்டே?" என்றாள்.

நீ வரவில்லை என்றுதான் அதுவரை அவளுக்குத் தெரியும். உள்ளூர அதை நினைத்து நினைத்து இவ்வளவு காலம் உருகினவள் அவள். அந்த ஏக்கம் ஒரே மாலையில் தீர்ந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன், தம்பி. பிள்ளை வந்து கையைப் பிடித்தான், அவர் தனியாகப் போகவில்லை என்று அந்த முகம் தெளிந்திருந்தது. அதில் நான் எங்கே போய் உண்மையைச் சொல்வது? ஆமாம், வந்தான் என்றேன். ஏன் அவசரப்பட்டாய் என்றதற்கு, இன்னொரு செருப்பையும் கழற்றி வைத்தேன்.

எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருந்தாய். மறுநாளிலிருந்து அம்மா நான் கொடுக்கும் மாத்திரையை உடனே விழுங்குவதில்லை. திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "இது எதுக்கு?" என்கிறாள். நேற்று, நான் குளித்துவிட்டு வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டிக் கேட்டிருக்கிறாள். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள் நான்.

இன்று காலை சொல்லிவிட்டாள். உன்னோடு வந்து இருக்கிறாளாம். "அவன் விடமாட்டான், கடைசி வரைக்கும் பார்ப்பான்" என்றாள். நான் அவள் துணிகளை மடித்து வைத்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் அனுப்புகிறேனே என்று நினைக்காதே. எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் நீ எப்படிப்பட்ட பிள்ளை என்று தெரியும். இனி உன் தொகுப்பைப் படிக்கிறவர்களுக்கும் தெரியும்.

பகல் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், இரவு மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு. கோபத்தில் இருந்தால் பிடிமானமில்லாமல் தனியாக நடக்கப் பார்ப்பாள், விடாதே. இரவில் தண்ணீர் கேட்பாள். கேட்கும்போது எழுந்து கொடுக்க வேண்டும்.

எனக்கு இனி எழுத வேண்டாம். நான் எதைச் சொன்னாலும் அதை நீ நன்றாக எழுதிவிடுவாய் என்று பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவாள். பெட்டியின் படி உயரம், அவளால் தானாக இறங்க முடியாது. நீ போய் நில். வேறு யாரையும் அனுப்பாதே.

அக்கா