அமாவாசைக்கு நீங்கள் பிரான்சுக்கு வந்தீர்களா?

என் ஆசை மாமாவுக்கு,

பேரப்பிள்ளைகள் எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்கள். அருள் அண்ணாமலை நகரில் விவசாயப் படிப்பை முடித்துவிட்டான், வகுப்பில் முதல் ஆளாக. மலர் கடலூரில் நர்சு வேலையில் சேர்ந்துவிட்டாள். தெருவில் யாருக்குத் தலைவலி என்றாலும் அவளைக் கேட்கத்தான் அனுப்புகிறேன். நம் கயல் பிரான்சில் சொந்தமாகக் கார் வாங்கி, அதை அவளே ஓட்டுகிறாள். அந்தக் காரில்தான் என்னை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகக் காட்டினாள்.

நாம் இருவரும் போவதாகத்தானே இருந்தது? கயல் போனில் வரும்போதெல்லாம், "அங்க மண்ணு செம்மண்ணா, கரிசலா?" என்று கேட்பீர்களே. பாஸ்போர்ட்டும் வந்தது. அதை வாங்கி வைத்துவிட்டு நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டீர்கள்.

மண்ணைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். வெளுப்பு, சுண்ணாம்பு கலந்த மாதிரி. திராட்சையைப் பந்தலில் ஏற்றுவதில்லை. இடுப்பு உயரத்துக்கு வெட்டி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் கல் கோபுரம் வைத்த பழைய காலத்து மாளிகை. அந்த ஊர்ப் பேர் என் பேனாவுக்கு வராது. மாளிகைக்குச் சொந்தக்காரி என் வயசு அம்மா, அவரும் புருஷனை இழந்தவர். வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டி, தானே சமைத்துப் போடுகிறார். நம் காடாம்புலியூர்க் கொல்லை முந்திரி ஒரு பை கொடுத்தேன். வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு அமாவாசை. ஊரில் நம் பிள்ளை படையல் போட்டிருப்பான். ஆனாலும் நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கு வைக்காமல் நான் எப்படிச் சாப்பிடுவேன்? வாத்துக்கறியைத் தொடவில்லை. ரொட்டி, பிளம்ஸ் பழத்தை மேலே அடுக்கிச் சுட்ட பலகாரம், ஆட்டுப்பால் சீஸ் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துத் தோட்டத்து மதில்மேல் வைத்து, காக்காவைக் கூப்பிட்டேன்.

ஒன்றும் வரவில்லை. மேசையில் எல்லாம் ஆறிக்கொண்டிருந்தது.

"சாப்டு ஆயா. தாத்தாவுக்கு விசா கெடைக்கல போல," என்றாள் கயல். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் மதிலைவிட்டு நகரவில்லை.

அந்த அம்மா என்ன விஷயம் என்று கேட்க, கயல் விளக்கினாள். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, தானும் கூப்பிட்டார். அந்த ஊர்க் காக்காவுக்கு அந்த ஊர்ப் பாஷைதானே தெரியும்?

கோபுரத்திலிருந்து ஒன்று இறங்கியது. நம் ஊர்க் காக்கா போலக் கழுத்தில் சாம்பல் இல்லை, முழுக்கக் கறுப்பு. ரொட்டியைச் சீண்டவில்லை, பலகாரத்தைச் சீண்டவில்லை. வாடை அடிக்கிற அந்தச் சீஸைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கருவாட்டுக் குழம்புக்கு அடித்துக்கொள்கிற மனுஷன் வேறு எதை எடுப்பார்?

"பாத்தியாடி, உங்க தாத்தாவேதான்," என்றேன். அந்த அம்மாவும் நானும் அதற்கப்புறம்தான் சாப்பிட்டோம்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அமாவாசை வருகிறது. காக்காவும் வந்து வடையைத் தின்கிறது. ஆனால் என்னை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் அங்கேயே தங்கிவிட்டீர்களா மாமா? திராட்சை பறிப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்றா?

இருங்கள், ஆசை தீரப் பாருங்கள். இங்கே ஒவ்வொரு அமாவாசைக்கும் இலை போட்டு வைப்பேன், அது என் பொறுப்பு. கயல் அனுப்புவதெல்லாம் என் படமாகவே இருக்கிறது. என் முகம் எனக்கு எதற்கு? மறுபடி அந்தப் பக்கம் போனால் அந்த மதிலைப் புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதன்மேல் யாராவது உட்கார்ந்திருந்தால், கிட்டப் போய் விரட்டிவிடாமல் எடுக்கச் சொன்னேன்.

உங்கள் மாமன் மகள், உங்கள் பெண்டாட்டி,
செல்லம்மாள்