கொட்டாயில் இருந்த எஞ்சின்

அன்புள்ள அம்மாவுக்கு, கோத்தகிரியிலிருந்து வேலாமணி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் அண்ணன் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் பங்களாவுக்குக் கரண்டும் கொடுத்து, சுடுதண்ணீரைக் குழாயில் விட்டு அறைகளையும் சூடாக்க, தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரைச் சூடாக்கும் சின்ன டீசல் எஞ்சின் ஒன்றை முதலாளி ரொம்ப நாளாகத் தேடினார். "கீழே எங்க ஊர்ப்பக்கம் கிணத்து மேட்டுல கிடைக்குமுங்க" என்று நான்தான் சொன்னேன். நேற்று வேனில் வந்து இறங்கியது. பார்த்தால் நம் கிணற்று எஞ்சின். அதன் டீசல் தொட்டியில் உங்கள் மருமகன் பெயிண்டில் எழுதிய "வேலாமணி துணை" கூட அழியவில்லை.

"யாரு இந்த வேலாமணி? புருசன் குடிக்கறதுக்கு வித்துப்போட்டானாட்ட இருக்குது" என்று முதலாளி சிரித்தார். என்னை "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார், பேர் தெரியாது. நானும் சிரித்து வைத்தேன்.

உங்கள் மருமகன் காரியம் முடிந்த அன்றே, எஞ்சினை விற்க வேண்டாம் என்று சொல்லித்தானே வந்தேன். போன வாரம்கூட "கொட்டாயில பத்திரமா இருக்குது கண்ணு" என்றீர்கள். பரவாயில்லை அம்மா.

சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஹேண்டில் எஞ்சினோடு வரவில்லை. வேறு எதைப் போட்டாலும் வழுக்குகிறது. பத்து நாளில் ஓடாவிட்டால் உடைத்து இரும்புக்குப் போடுவாராம். அந்த ஹேண்டில் அங்கே என் தகரப் பெட்டியில், உங்கள் மருமகன் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. அதையும் விற்காமல் இருந்தால் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். ராத்திரி போர்த்திக்கொள்ள அந்த வேட்டியும் வேண்டும். சுடுதண்ணீர்க் குழாய் நாய் அறை வரைக்கும்தான் போகிறது.

தபாலில் போட பால் வண்டிக்காரர் நிற்கிறார்.

உங்கள் மகள்
வேலாமணி