மிராபெல் தோட்டத்தில் எடுத்த படம்

லத்தா, யாங்கோன்
11-2-2007

அன்பு மகள் ஜஸீலாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் எனக்கும் உம்மாவுக்கும் உடம்பு சுகம், அந்தக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ செய்கிறோம். மனசுதான் சுகமில்லை, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஹாஜரா மகள் ஹுஸ்னா, ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தவள், நம் வீட்டுக்கு வந்தாள். நான் உன்னைப் பார்க்க சால்ஸ்பர்க் வந்திருந்தபோது மிராபெல் அரண்மனையில் எடுத்த படத்தை உம்மா ஆசையாகக் காட்டினாள். அதன் அட்டை உறையில் ஜெர்மன் பாஷையில் அச்சடித்திருந்ததை வாசித்துவிட்டு ஹுஸ்னா, மாமா, ஜஸீலா கலியாணத்துக்கு நீங்களே போயிருக்கீங்க, எங்ககிட்ட மூச்சு விடலியே என்றாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும், தப்பா வாசிச்சுட்டேன் மாமா என்று சொல்லி எழுந்து போனாள்.

அந்தப் படம் எடுத்த அன்று காலை, நான் இடுப்பில் கட்டிக்கொள்ள என் பட்டு லோஞ்சியை நீதானே தேய்த்துக் கொடுத்தாய். கோலம் போட்ட மாதிரி வெட்டி விட்ட பூப்பாத்திகள், கல் சிலைகள், நீரூற்று எல்லாம் காட்டினாய். மேலே பளிங்கு மண்டபம், படி ஜாஸ்தி, உங்க முட்டிக்கு ஆகாது வாப்பா என்று என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கூட வேலை செய்கிறவர் என்று சொன்ன அந்த மனிதரோடு ஏறிப் போனாய். வெள்ளைப் பூங்கொத்தோடு இறங்கி வந்தாய், யார் கொடுத்தது என்றேன், உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள் என்றாய், நம்பினேன். உங்கள் இருவருக்கும் நடுவில் என்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டீர்கள், பல் தெரியச் சிரித்திருக்கிறேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் சத்தம் போட்டிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன், பிறகு நானே முன்னால் நின்றிருப்பேன். பெற்றவனை வாசலில் உட்கார வைத்துவிட்டாயே மகளே.

நான் திரும்பும்போது விமான நிலையத்தில் உன் கலியாணப் பேச்சை எடுத்ததற்கு, உங்க இஷ்டம் வாப்பா என்று நீ சொன்னதை நம்பித்தான் க்யிம்யிண்டைங் பேட்டை அப்துல் சமது மகனுக்கு உன்னைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தேன். நேற்று அவரிடம் போய், மகள் கலியாணம் நான் அங்கே இருந்தபோதே முடிந்துவிட்டது என்றேன். அப்போ தெரிஞ்சேதான் எனக்கு வாக்குக் கொடுத்தீரா என்றார். தகப்பனுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டவள் என்று உன்னை ஊர் பேசக் கூடாதே என்று, ஆமாம் என்றேன். சலாம்கூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். முப்பது வருஷப் பழக்கம்.

உம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், உனக்கு ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. முறைப்படி நிக்காஹ் ஓதினீர்களா என்று உடனே எழுது. அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒற்றுமையாக வாழ வைக்கட்டும். மறக்காமல் மாப்பிள்ளை பெயரைத் தமிழில் தெளிவாக எழுதி அனுப்பு, அன்று நீ சொன்னது என் காதில் சரியாக விழவில்லை, பெயர் தெரியாமல் எப்படி துஆ கேட்பது.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஷேகு முகைதீன்