கண்ணை மூடி வீசிய சட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடியை விற்க வேண்டாம். அந்த எட்டு மாடுகளில் எதையுமே விற்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பது பிறகு.

போன கடிதத்தில், முப்பத்தோரு நாளைக்குத்தான் புல் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். மழைக்கு இன்னும் நாற்பது நாள். நீயும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, எட்டு மாட்டைக் கொடுத்துவிடும்படி மாமாவுக்கு எழுதிவிட்டாய். நாளை தரகர் வருவதாக இருந்தது.

தப்பு என்னுடையது. மொத்தப் புல்லைக் கணக்கிட, மேய்ச்சல் நிலத்தில் சதுரக் கம்பிச் சட்டத்தைக் கண்ணை மூடி அங்கங்கே வீச வேண்டும். அது விழுந்த இடத்துப் புல்லை ஒட்ட அறுத்து, ஈரம் போகக் காயவைத்து, எடை போட்டு, நிலம் முழுவதுக்கும் பெருக்க வேண்டும். படித்ததுதான். இருபது முறை வீசினேன். கண்ணை மூடினேன். நின்ற இடத்தைவிட்டுக் காலை நகர்த்தவில்லை. இருபதும் கேட் பக்கமே விழுந்தன. கறவைக்குக் காத்து நிற்கும் மாடுகள் மிதித்துத் துவைக்கும் இடம்.

செவ்வாய்க்கிழமை வாயாடியைக் காணோம். தேடிப் போனால் ஓடைச் சரிவில் நிற்கிறாள். முழங்கால் உயரப் புல். என்னைப் பார்த்தும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் நிலம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஐம்பது தப்படிக்கு ஒரு முறை, கால் நின்ற இடத்தில் சட்டம். பொட்டலோ முள்ளோ, தேர்ந்தெடுக்கக் கூடாது. ஓரிடத்தில் சாணி. மாமா, "அதையும் சேத்தா எடை போடப்போற?" என்றார். சமையலறை ஓவனில் புல் காய்ந்தபோது, "எனக்கும் இன்னைக்கு இதுதானா?" என்று கேட்டார்.

கணக்கில் நாற்பத்தாறு நாள் வந்தது. மறுபடி கூட்டச் சொன்னார். மூன்று முறை கூட்டினேன். பிறகு அவரே போய்த் தரகரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அக்கா, ஸ்கேனில் குழந்தையின் எடை குறைவாகத் தெரிகிறது என்று ஒரே வரி எழுதியிருந்தாய். அதுவும் வெளியிலிருந்து போட்ட மதிப்புதானே. முப்பத்தொன்று என்று நானும் எவ்வளவு உறுதியாக எழுதினேன். டாக்டரிடம் கேள். இன்னொரு நாள், இன்னொரு முறை அளந்து பார்க்கச் சொல். அதுவரை நீயாக எதையும் முடிவு செய்துகொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இங்கே நாற்பத்தாறு நாளைக்குப் புல் இருக்கிறது. இரண்டு பேராக வாருங்கள்.

உன் தங்கை